வீரமான வலது கண்

ஜனவரி 9

என் அருமைக் கொசுவுக்கு,

கழுகு மாமா எழுதுவது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொள். போன மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, உங்களுக்கு வலது காது கேக்கல, ரெண்டு நாளா பாத்துட்டுதான் இருக்கேன்" என்றாய். முப்பது பேரும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார்கள். நீ மூன்று வயதில் என் தோளில் ஏறி உட்கார்ந்து, அதே வலது காதில் வாயை வைத்து, "அது என்ன மாமா, இது என்ன மாமா" என்று ரீங்காரம் போட்டவள். அதனால்தான் உனக்குக் கொசு என்று பெயர் வைத்தேன். அந்தக் காதையே நீ பழித்துவிட்டாய்.

ஆகவே இனி போனில் பேச்சில்லை. கடிதம்தான். தவிரவும் இப்போது வருகிற போன்கள் எல்லாம் மட்டம். வலது பக்கம் வைத்தால் எறும்பு பேசுகிற மாதிரி இருக்கிறது. மூன்று போன் மாற்றிவிட்டேன், மூன்றும் அப்படியே. இடது பக்கம் வைத்தால் கணீரென்று கேட்கிறது. இடதுகைக்காரர்களுக்காகச் செய்கிறார்கள் போலிருக்கிறது.

இங்கே என் புகழ் கொடிகட்டிப் பறக்கிறது. பதினெட்டு மாடிக் கட்டடம் எழும்புகிறது. அதன் தலைக்கு மேலே என் டவர் கிரேன். நான் உட்கார்ந்து ஓட்டும் கூண்டுக்குப் போக நானூறு படி இரும்பு ஏணி, ஒரே மூச்சில் ஏறுகிறேன். அங்கிருந்து பார்த்தால் கீழே தொப்பி போட்டவனுக்கு வழுக்கை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இருபத்தெட்டு வருடக் காற்றும் வெயிலும் பட்டு உடம்பு இரும்பாகிவிட்டது. போன வாரம் சவரம் செய்யும்போது வலது கன்னத்தில் பிளேடு ஆழமாகக் கீறி, ரத்தம் காலர் வரைக்கும் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை! கீழே நின்று என் கிரேனுக்குச் சைகை கொடுப்பவர், என்னோடு அறையில் தங்கியிருக்கும் சிக்னல்காரர், பார்த்து அலறினார். "அண்ணே, வலிக்கலையா?" என்றார். "வலியா? அது என்ன விலை?" என்றேன்.

ஒரே ஒரு தொந்தரவு. உயரத்தில் வாழ்ந்து பழகியவனுக்குத் தரை ஒத்துக்கொள்வதில்லை. நடக்கும்போது கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்குகிறேன். கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். இன்னொன்று, உன்னைக் கொசு என்று கூப்பிட்ட பாவம், நிஜமாகவே ஒன்று வலது காதுக்குள் குடிவந்து விடாமல் ரீங்காரம் போடுகிறது. உன் ஞாபகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

கோபம் குறையாத
மாமா


ஜனவரி 16

மாமாவுக்கு,

முப்பது பேர் முன்னால் சொன்னது தப்பு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள். சொன்ன விஷயம் தப்பு என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் தரம் பென்சிலை எடுத்து நான்கு இடத்தில் கோடு போட்டேன். போன், கன்னம், நடை, காதுக்குள் ரீங்காரம். நான்கும் வலது பக்கம்.

நான் இப்போது நரம்பியல் வார்டில் பயிற்சியில் இருக்கிறேன், தெரியுமல்லவா? காலை முழுக்க நோயாளிகளின் தலை நரம்புகளைச் சோதிப்பதுதான் வேலை. மூளையிலிருந்து முதுகுத்தண்டைத் தொடாமல் நேராகவே கிளம்புகிற நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. முதலாவது வாசனைக்கு, இரண்டாவது பார்வைக்கு. மூன்றும் நான்கும் ஆறும் கூட்டாகக் கண்ணை உருட்டும். அவற்றில் ஒன்று படுத்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். மூன்றாவது படுத்தால் இமையும் தொங்கிவிடும். ஐந்தாவது முகத்தில் படுகிற தொடுதலை, வலியை மூளைக்குச் சொல்லும், மெல்லவும் வைக்கும். ஏழாவது முகத்தை அசைக்கும். அது போனால் வாய் ஒரு பக்கம் கோணிவிடும், கண்ணை மூட முடியாது. எட்டாவது கேட்பதற்கு, நிலைதவறாமல் நிற்பதற்கு. ஒன்பதும் பத்தும் விழுங்க, குரல் கொடுக்க. அதில் பத்தாவது ஒரு ஊர்சுற்றி, வயிறு வரைக்கும் இறங்கிப் போகும். பதினொன்று தோளைத் தூக்கும். பன்னிரண்டு நாக்கைப் புரட்டும்.

நீங்கள் எழுதியதில் எட்டாவது மூன்று தரம் வருகிறது, ஐந்தாவது ஒரு தரம். இரண்டும் மூளையை விட்டு வெளியே வருகிற இடம் பக்கத்துப் பக்கத்தில். இரண்டையும் ஒரே பொருள் அழுத்துகிறதோ என்றுதான் எனக்குப் பயம்.

சிக்னல்காரரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக்கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள். கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நில்லுங்கள். ஒரு நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடங்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அவர் பின்னால் நின்று கிசுகிசுக்கிற எண்ணைச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அவர் பஞ்சால் இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொடட்டும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். பல்லைக் காட்டுங்கள், நாக்கை நீட்டுங்கள், தோளைக் குலுக்குங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எப்படியிருந்தாலும் லீவு போட்டுவிட்டு வந்து தலையை ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை மேலே ஏறாதீர்கள், மாமா.

கொசு


ஜனவரி 27

டாக்டரம்மா கொசுவுக்கு,

பன்னிரண்டு ஜோடி! என் கிரேனுக்கே அத்தனை கேபிள் கிடையாது. உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கம்பி கட்டுகிறவர்கள், வெல்டர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "எங்க அக்கா மக எழுதியிருக்கா, மூளையே அவ கைக்குள்ளதான்" என்றேன். சிக்னல்காரருக்கு இரண்டு பெண் குழந்தைகள், நாற்பது வயது, நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். "அண்ணே, அந்தப் பத்தாவது ஊர்சுற்றி எங்க மச்சான் மாதிரியா? வயித்துப் பக்கமே போவானே" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடது கண்ணில்.

இனி பரிசோதனை முடிவு. வாசனை: மூன்று தெரு தள்ளி யாரோ சோப்புப் போட்டுக் குளிப்பது தெரிகிறது. பார்வை: கழுகு. கண்ணை மூடி நின்றேன், அரை மணி நேரம் ஆடவில்லை அசையவில்லை. ஒரு குருவி மரமென்று நினைத்துத் தோளில் உட்காரப் பார்த்தது. நேர்கோட்டில் நடந்தேன், அப்படியே திரும்பாமல் பின்பக்கமாகவும் நடந்தேன். இரண்டு கன்னமும் பஞ்சைப் பஞ்சாகவே உணர்ந்தன. நாக்கு நேராக நீண்டது, அது எப்போதும் நீளம் என்று உன் அத்தையைக் கேட்டால் சொல்வாள். காது: பத்தடி தள்ளி நின்று சிக்னல்காரர் மனசுக்குள் நினைத்த எண்ணையே சொல்லிவிட்டேன். போதுமா?

இன்னொரு வீரச் செயலையும் கேள். போன வியாழக்கிழமை மூன்று டன் இரும்பு பீமை இறக்கினேன். கீழே சிக்னல்காரர் நிற்கிறார். பீம் இறங்கி இறங்கி, அவர் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் நின்றது! ஒரே ஒரு சாண்! கீழே இருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள், கைதட்டத்தான் கத்துகிறார்கள் என்று நான் கூண்டிலிருந்து கையசைத்தேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. பிரமித்துப்போய்விட்டார்.

பிப்ரவரி பத்தாம் தேதி கம்பெனி டாக்டர் எல்லா கிரேன் ஆட்களையும் சோதிக்கிறார். பிறகு பார், அந்தச் சான்றிதழை உனக்குச் சட்டம் போட்டு அனுப்புகிறேன்.

மாமா


பிப்ரவரி 3

மாமாவுக்கு,

உங்கள் முடிவுகளில் ஒன்றையும் நான் நம்பவில்லை. எழுதாமல் போன ஒன்றைத்தான் நம்புகிறேன். அந்தப் பீம் இறங்கும்போது சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் என்ன சொன்னார்? "நிறுத்து" என்று எத்தனை தரம் சொன்னார்? வாக்கி டாக்கியை நீங்கள் எந்தப் பக்கம் மாட்டியிருந்தீர்கள்? இந்த மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

எங்கள் வார்டில் ஏழாம் கட்டிலில் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். ஒரு காதில் மட்டும் சுருதி கேட்கவில்லை என்று ஆரம்பித்ததாம். வயசு என்று விட்டுவிட்டார். பிறகு கன்னம் மரத்தது, பல் டாக்டரிடம் போனார். பிறகு நடை தள்ளாடியது, மூட்டு டாக்டரிடம் போனார். இங்கே வந்து சேர்ந்தபோது காதுக்குப் பின்னால் வளர்ந்திருந்த கட்டி மூளைத்தண்டையே ஒதுக்கித் தள்ளிவிட்டது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, அதற்கும் பயந்து பயந்து சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறார். நேற்று ரவுண்ட்ஸில் அவர் சொன்ன அடையாளங்களை நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவது உங்கள் கடிதத்தை நகல் எடுக்கிற மாதிரி இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அஞ்சு வயதில் ஒருநாள் திருட்டுத்தனமாக என்னைக் கூண்டுக்குத் தூக்கிப் போய் மடியில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். கீழே எறும்பு மாதிரி மனிதர்கள் போனார்கள். "கொக்கியில எது தொங்கினாலும், அதுக்குக் கீழ ஒருத்தன் நிக்கறான்னு நினைச்சுக்கணும், கொசு" என்று சொன்னது நீங்கள்தான்.

கொசு


பிப்ரவரி 14

கொசுவுக்கு,

பாஸ்! பாஸ்! பாஸ்! கம்பெனி டாக்டர் என் முதுகில் தட்டி, "உங்களை மாதிரி ஆள் நூத்துல ஒருத்தர்" என்றார். சரி, ஆயிரத்தில் ஒருவர் என்றார்.

இதற்கு முழுக் காரணம் நீதான். உன் ஜனவரிக் கடிதம்தான் எனக்குக் கேள்வித்தாள். அவர் என்னென்ன செய்வார் என்று வரிக்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டாய் அல்லவா? பத்து நாள் பழகினேன். பின்னால் நின்று கிசுகிசுப்பார் என்று எழுதியிருந்தாய். அந்த அறையில் கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலமாரி ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். அவர் உதடு அதில் பளிச்சென்று தெரிந்தது. கண்ணை மூடி நிற்கச் சொல்வார் என்றாய். மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் விளிம்பில் தொடையை லேசாகச் சாய்த்துக்கொண்டேன். கோட்டில் நடப்பதை எங்கள் தங்குமிட வராந்தாவின் தரைக்கல் கோட்டில் ராத்திரி ராத்திரி நடந்து பழகிக்கொண்டேன். கன்னத்தில் பஞ்சு வைத்தபோது ஒரு தாளக்கணக்கு வைத்துக்கொண்டு "ம், ம்" என்றேன். மற்ற டிரைவர்களெல்லாம் திகைத்துப்போனார்கள். மூளை வேண்டுமே! அது நம் குடும்பத்தில் இருக்கிறது.

உன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. மார்ச் இரண்டாம் தேதி பெரிய வேலை. எட்டு டன் தண்ணீர்த் தொட்டியைத் தெருவுக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோய் மொட்டைமாடியில் வைக்க வேண்டும். மேனேஜர் என் கையைப் பிடித்து, "உங்களைத் தவிர யாராலயும் முடியாது" என்றார்.

நீ மேனேஜருக்கு ஏதாவது எழுதிவைத்தால் எனக்கு அக்காவும் இல்லை, அக்கா மகளும் இல்லை. மேலே ஏறாத கழுகுக்கு என்ன பெயர் சொல், பார்ப்போம்.

மாமா


பிப்ரவரி 18

மாமாவுக்கு,

நான் தோற்றுவிட்டேன். உங்களைக் காப்பாற்ற எழுதியதை வைத்தே ஒரு டாக்டரை ஏமாற்றிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்து, மேஜையில் இருக்கிறது. ஆனால் அவர் கையில் உங்கள் சான்றிதழ் இருக்கும். பயிற்சியில் இருக்கிற பெண்ணின் கடிதத்தை யார் படிப்பார்கள்?

ஒரே ஒரு சோதனை பாக்கி. இதை மட்டும் உண்மையாகச் செய்து, நடந்ததை எழுதுங்கள். பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

சிக்னல்காரரைக் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டியிலிருந்து சுத்தமான பஞ்சு எடுத்து, நுனியை மெல்லிய திரியாக முறுக்கட்டும். நீங்கள் மேலே, எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். அவர் பக்கவாட்டிலிருந்து, உங்களுக்குத் தெரியாமல் கொண்டுவந்து, கருவிழியின் ஓரத்தில் பூப்போலத் தொட வேண்டும். முதலில் இடது கண், அடுத்து வலது கண். ஒவ்வொன்றையும் தொடும்போது இரண்டு கண்ணும் என்ன செய்தன என்று எழுதுங்கள். அழுத்தக் கூடாது.

கொசு


பிப்ரவரி 23

தோற்றுப்போன கொசுவுக்கு,

தோற்றாலும் நீ என் செல்லம்தான். இந்தச் சோதனையில் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. செய்ய வழியும் தெரியவில்லை, நீ பதிலை எழுதவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை காலை, அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சிக்னல்காரர் மாப்பிள்ளைக்கு மை தீட்டுகிற மாதிரி பஞ்சும் கையுமாக வந்தார். முதலில் இடது கண். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பஞ்சு பட்டதோ இல்லையோ, இரண்டு கண்ணும் படக்கென்று மூடிக்கொண்டன. மூன்று தரம் தொட்டார், மூன்று தரமும் அப்படியே. கோழைக் கண்.

அடுத்தது வலது கண். கேள் கொசு, காது குளிரக் கேள். நான் மேலே பார்த்துக்கொண்டே காத்திருந்தேன், காத்திருந்தேன். "தொடுப்பா, எவ்வளவு நேரம்" என்றேன். அவர் குனிந்து என் கண்ணையே பார்த்தார். "என்னப்பா?" என்றேன். "அண்ணே, தொட்டுட்டுதான் இருக்கேன்" என்றார்.

இரண்டு கண்ணும் இமைக்கவில்லை. ஒரு துளி அசையவில்லை. பஞ்சு கருவிழி மேலேயே கிடந்திருக்கிறது, நான் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்! வெல்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருத்தன் பந்தயம் கட்டி, தன் கண்ணில் தானே தொட்டுக்கொண்டு கண்ணீர் விட்டான். ஒருத்தராலும் முடியவில்லை. என் வலது கண் மாதிரி வீரமான கண் இந்தத் தளத்திலேயே இல்லை.

சிக்னல்காரர் மட்டும் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்குத்தான் எதற்கெடுத்தாலும் பயமாயிற்றே. இப்போது சொல், நான் பாஸா?

மாமா


பிப்ரவரி 26

மாமா,

இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். இரண்டாம் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

நான் உங்களுக்குக் கண்ணி வைத்தேன். எந்தப் பதில் நல்லது என்று சொன்னால் அதைத்தான் எழுதுவீர்கள் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. கூட்டிச் சொல்கிற மனிதர் எதைப் பெருமை என்று கூட்டிச் சொல்வார் என்று இரண்டு ராத்திரி யோசித்து இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கண்ணைத் தொட்டால் இமைப்பதற்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தம் இல்லை. பிறந்த குழந்தையும் இமைக்கும், பெரிய பயில்வானும் இமைப்பார். கருவிழியில் பட்டதும் ஐந்தாவது நரம்பு ஓடிப்போய் மூளையிடம் சொல்லும். மூளை ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்து ஏழாவது நரம்புக்கும் கட்டளை போடும். அதனால் எந்தக் கண்ணைத் தொட்டாலும் இரண்டும் மூடும். உங்கள் இடது கண்ணைத் தொட்டபோது வலது இமையும் மூடியது. ஆக, மூடுகிற வேலை இன்னும் நடக்கிறது. வலது கண்ணைத் தொட்டபோது ஒன்றும் மூடவில்லை என்றால், தொட்ட செய்தியே மூளைக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் ஐந்தாவது நரம்பு ஊமையாகிக்கொண்டிருக்கிறது. எட்டாவது ஏற்கெனவே பாதி போய்விட்டது. இரண்டையும் ஒன்று உள்ளே உட்கார்ந்து அழுத்துகிறது. சந்தேகம் என்ற இடத்தை நான் தாண்டிவிட்டேன், மாமா.

வலது கண் வீரமானது அல்ல. அதற்குப் பயப்படத் தெரியாமல் போய்விட்டது.

எட்டு டன். கீழே ஒருவர் நிற்பார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

கொசு


மார்ச் 3

கொசுவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை கேட்டில் கிடைத்தது. நான் ஜெயித்த கடிதம் என்று நினைத்தேன். உச்சியில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

தெருவைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கக் கூட்டம். கீழே தொட்டிக்கு ஸ்லிங் கயிறு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பிரித்துப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். வெல்டர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த பஞ்சு பையிலேயே இருந்தது. எடுத்து, திரியாக்கி, மேலே பார்த்துக்கொண்டு வலது கண்ணில் தொட்டேன்.

ஒன்றுமில்லை.

"இமைடா" என்றேன். திரும்பத் தொட்டேன். "ஒரே ஒரு தரம் இமைச்சிடுடா, ராசா" என்று கெஞ்சினேன். பஞ்சு பிரிந்து நார் நாராகும் வரை தொட்டேன். இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனால் போதும், மூடிக்கொள்கிறது. வலது கண் சும்மா திறந்துகொண்டு கிடந்தது. அது என் கண் மாதிரியே இல்லை.

அப்போது வாக்கி டாக்கியில், "அண்ணே, கட்டியாச்சு. தூக்கலாமா?" என்று சிக்னல்காரர் கேட்டார். அது இடது தோளில் மாட்டியிருந்ததால் கேட்டது. உன் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதுதான். ஜனவரியில் பீம் இறக்கின அன்று அது வலது தோளில் இருந்தது. அவர் நான்கு தரம் "நிறுத்து" என்றாராம். நான் ஒன்றையும் கேட்கவில்லை. கயிறு தடுமாறுகிறதே என்று நானாகத்தான் நிறுத்தினேன். அந்த ஒரு சாண் என் திறமை இல்லை. அன்று முழுக்க அவர் பேசாமலிருந்தது பிரமிப்பால் இல்லை. சாயங்காலம் அறைக்கு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். நான் பார்க்காத மாதிரி சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

குனிந்து பார்த்தேன். அதே இடத்தில் நிற்கிறார், மேலே பார்த்துக்கொண்டு.

"தம்பி, ஸ்லிங்கை அவுத்துடு. நான் இறங்கறேன்" என்றேன்.

"என்னண்ணே, மேல காத்து ஜாஸ்தியா?"

"காத்து இல்லப்பா. நான்தான்."

ஏணிக்கு இருநூற்று முப்பத்தெட்டுப் படி. நானூறு இல்லை. இத்தனை வருடத்தில் நேற்றுத்தான் எண்ணினேன், ஒவ்வொரு படியையும் கால் தேடித் தேடி வைக்க வேண்டியிருந்தது. நடுவில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கீழே மேனேஜர் கத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மருந்து அலமாரிக் கண்ணாடி உட்பட. சிக்னல்காரர் என் வலது கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

ஜனவரியில் எழுதிய முடிவுகளைத் திருத்தி எழுதுகிறேன். கண்ணை மூடி நின்றபோது கட்டிலில் விழுந்தேன், எண்ணி மூன்றுக்குள். கோட்டில் நாலடி. கிசுகிசுத்த எண்களில் வலது காதுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இடது கன்னத்தில் பஞ்சு பஞ்சாக இருந்தது, வலது கன்னம் யாரோ ஒருவருடைய கன்னம்.

நாளைக்கு ரயில் ஏறுகிறேன். அவர் கூட வருகிறார். பயமாக இருக்கிறது, கொசு. இந்த வரியில் எதையும் கூட்டவில்லை.

மாமா


மார்ச் 11

மாமாவுக்கு,

எங்கள் பேராசிரியர் உங்களை அனுப்பிவைத்த வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் படம் இங்கே வந்தது. எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு ஒரு கட்டி. புற்று இல்லை, மூன்று பேரிடம் காட்டிக் கேட்டுவிட்டேன். எட்டாவது நரம்பின் உறையில் முளைத்து, வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது.

உங்களிடம் இனி எதையும் மறைக்கக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். வலது காதின் கேட்கும் சக்தி திரும்ப வராது. ஏழாவது நரம்பு அந்தக் கட்டியின் மேல் நூல் மாதிரி இழுபட்டு ஒட்டிக் கிடக்கிறது. அறுக்காமல் பிரித்தெடுக்கத்தான் பார்ப்பார்கள். அப்படியும் வலது பக்க முகம் தொங்கிப்போகலாம். சில மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். ஐந்தாவது, அழுத்தம் நீங்கினால், விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பதினெட்டாம் தேதி அறுவைச் சிகிச்சை அறை வாசலில் அம்மாவும் நானும் அத்தையும் இருப்போம். மறுவாரம் நான் டியூட்டிக்குத் திரும்பியே ஆக வேண்டும். எனக்கும் பயமாக இருக்கிறது. நேற்று ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. யாரையும் கேட்காமல் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

கொசு


ஏப்ரல் 4

கொசுவுக்கு,

நீ ஊருக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. பதினோரு மணி நேரம் என் தலையைத் திறந்து வைத்திருந்தார்கள். உன் அத்தை பின்னாலிருந்து படித்துவிட்டு ஏழு மணி நேரம் என்கிறாள். ஏழு என்றே வைத்துக்கொள்.

முகத்தின் வலது பாதி இறங்கிவிட்டது. காபி குடித்தால் வாயோரத்தில் வழிகிறது. நான் சிரிப்பதைப் பார்த்து சிக்னல்காரர், "அண்ணே, பாதி சிரிப்பை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார். சொல்லிவிட்டு அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலது கண் மூடாது. களிம்பு போட்டு டேப் ஒட்டி மூடுகிறார்கள். தூங்கப் போகும்போது அது திறந்துகொள்ளுமோ என்று பயந்து கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். வலது காதில் ஒரு சத்தமும் இல்லை. கொசு மட்டும் போகவில்லை. சின்னக் குரலில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிக்னல்காரர் நாளைக்கு வேலைக்குத் திரும்புகிறார். என் கூண்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டாராம். அவருக்கு வாக்கி டாக்கி எந்தத் தோளில் என்று முதல் நாளே கேட்டுவிடச் சொன்னேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். இன்று காலை பெரிய டாக்டர் பஞ்சுத் திரியோடு வந்தார். அதைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டேப்பை எடுத்தார். மேலே பார்க்கச் சொன்னார். வலது கண்ணில் தொட்டார்.

வலது இமை அசையவில்லை. அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் இடது கண் படக்கென்று மூடிக்கொண்டது! அதை அவர் தொடவே இல்லை. நான் மூடவும் நினைக்கவில்லை. இன்னொரு தரம் தொட்டார், திரும்பவும் அதே. இந்த வீட்டுக்காரனை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரன் அலறுகிற மாதிரி. வலது கண்ணில் ஏதோ சுருக்கென்றது, ஒரு மணல் விழுந்த மாதிரி. மூன்று தரம் தொட்டார், மூன்று தரமும் நடந்தது. நர்ஸ் சாட்சி, உன் அத்தை சாட்சி. இப்படி ஒன்றைக் கூட்டிச் சொல்ல எனக்கு அறிவு பத்தாது என்பதற்கு நீயே சாட்சி.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன். பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தை எடுத்து, யார் செய்தி சொல்கிறான், யார் கதவைச் சாத்துகிறான் என்று விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. நான் அரைகுறைப் படிப்பாளி, நானாக முடிவு கட்டப் பயமாக இருக்கிறது.

சொல், கொசு. என் வலது கண்ணுக்குப் பயப்படத் தெரிந்துவிட்டதா?

மாமா